மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி எந்தக் காட்டுல பிறந்தவ? டிஎன்ஏ சொல்லுமா?

மலர், முத்தியால்பேட்டை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் பக்கம் பூவும் அருகம்புல்லும் விக்கிறவங்க. பள்ளிக்கூடம் விட்டா நேரா கடைக்குத்தான் போவேன். வெள்ளிக் கொலுசு போட்ட கோயில் யானை லட்சுமி காலைப் பார்த்துக்கிட்டேதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். 2022 நவம்பர் 30 காலையில நடக்கக் கூட்டிட்டுப் போன இடத்துலயே அவ சரிஞ்சு விழுந்துட்டா. அன்னைக்கு ஊரே தெருவுல நின்னு அழுதுச்சு.

சின்னக் குட்டியா கோயிலுக்கு வந்தவ. ஆனா எந்தக் காட்டுல பிறந்தா, அம்மா யாருன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யானைச் சாணத்துல டிஎன்ஏ எடுத்து நாடு முழுக்கக் கணக்கெடுத்ததா 2025 அக்டோபர்ல பேப்பர்ல படிச்சதுல இருந்து இதே யோசனைதான். ஒரு யானையோட சொந்த ஊரை டிஎன்ஏ வச்சு சொல்ல முடியுமா? செத்துப்போன யானைக்கும் முடியுமா? காட்டுல இருக்கிற யானைக்கு இதனால என்ன நன்மை? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பண்ருட்டி குமரன்:

மலர், நான் லட்சுமிகிட்ட ஆசீர்வாதம் வாங்கினவன். இப்போ மேற்குத் தொடர்ச்சி மலையில ஆய்வாளர்களோட சாணம் சேகரிக்கப் போற களப்பணியாளர். அதனால தெரிஞ்சதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல சாணம். புதுசா விழுந்த லத்தி உருண்டை மேல வழவழன்னு ஒரு பளபளப்பு இருக்கும். குடலோட உள்சுவர்ல இருந்து உரிஞ்ச செல்கள் அதுலதான் ஒட்டியிருக்கும். வெயில் ஏறிட்டா காய்ஞ்சு வெளுத்துடும், அப்புறம் அதை எடுத்துப் பிரயோஜனம் குறைவு. அதனால விடியும்போதே போயிடுவோம். உருண்டையை உடைக்கக் கூடாது. மேல்தோலை மட்டும் பஞ்சுக் குச்சியால மெல்லத் துடைச்சு, மருந்துத் தண்ணி இருக்கிற குப்பியில போட்டு மூடி, இடத்தை ஜிபிஎஸ்ல குறிச்சுக்கணும். உருண்டையோட சுற்றளவையும் அளப்போம், குட்டியா பெரியதான்னு அதுல ஓரளவு தெரியும். யானையைத் தொட வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம், அது கண்ணுல படக்கூட வேண்டாம். இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

இப்போ உங்க கேள்வி. பெண் யானை பிறந்த கூட்டத்தை விட்டுப் போகாது. வயசுக்கு வந்ததும் ஆண்தான் கூட்டத்தை விட்டு வெளியே போகும். செல்லுக்குச் சக்தி தயாரிச்சுக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாங்கிற சின்ன உறுப்புக்குள்ள தனியா கொஞ்சம் டிஎன்ஏ இருக்கு, அது தாய்கிட்ட இருந்து மட்டும்தான் வரும். இந்த ரெண்டும் சேர்றதால தாய்வழி டிஎன்ஏ ஒரு நிலப்பகுதியோடயே தங்கிடுது. நீலகிரிப் பக்கத்து யானைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளுக்கும் இதுல வித்தியாசம் இருக்குன்னு 2005லயே ஆய்வு வந்தாச்சு. 2024ல முழு மரபணுத் தொகுப்பையும் படிச்சுப் பார்த்தாங்க. இந்தியாவுல மரபணு அளவுல அஞ்சு தனித்தனிக் கூட்டங்கள் இருக்குன்னு தெரிஞ்சுது. வடக்கே ஒண்ணு, மத்திய இந்தியாவுல ஒண்ணு, தெற்குல மட்டும் மூணு: பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே, செங்கோட்டைக்குத் தெற்கே. கோயில் யானைகள்ல அசாம், பீகார்ப் பக்கம் இருந்து வந்ததுங்களும் உண்டு. அதனால லட்சுமி வடக்கா தெற்கா, தெற்குன்னா கணவாய்க்கு எந்தப் பக்கம்னு சொல்லலாம். 'இந்த ஓடைக்கரை, இந்தக் கூட்டம்'னு அவ்வளவு நுணுக்கமா சொல்றது கஷ்டம்.

செத்த யானைக்கும் முடியும். பல், தந்தம், எலும்பு எல்லாத்துலயும் டிஎன்ஏ இருக்கு. ஆப்பிரிக்காவுல சாமுவேல் வாசர்ங்கிற அமெரிக்க ஆய்வாளரோட குழு ஊர் ஊராச் சாணம் சேர்த்து முதல்ல ஒரு மரபணு வரைபடம் போட்டுது. அப்புறம் துறைமுகங்கள்ல பிடிபட்ட தந்தத்தை அதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. யானைகளைப் பெரும்பாலும் கொன்னது ரெண்டே பகுதிகள்லன்னு 2015ல வெளியிட்டாங்க. அதுல ஒண்ணு தான்சானியாவோட தென்கிழக்கும் அதை ஒட்டின மொசாம்பிக்கும். காவலை எங்க போடணும்னு செத்த யானைங்களே காட்டிக் கொடுத்துச்சு.

திண்டிவனம் வாசகன்:

நல்ல பதிவு. ஒரு சந்தேகம். 2017 கணக்குல 29,964 யானைன்னு படிச்ச ஞாபகம். இப்போ 22,446ன்னு சொல்றாங்க. ஏழாயிரம் யானை எங்க போச்சு?

பண்ருட்டி குமரன்:

ஐயா, அந்த ரெண்டையும் கழிச்சுப் பார்க்கக் கூடாது. முந்தி கண்ணால பார்த்தும் சாணக் குவியலை எண்ணியும் போட்ட கணக்கு. அதுல ஒரே கூட்டம் ரெண்டு மாவட்டத்துல ரெண்டு தடவை எண்ணப்படலாம். இந்தத் தடவை நாடு முழுக்க 21,056 சாண மாதிரி எடுத்தாங்க. அதுல தனித்தனி யானைன்னு அடையாளம் தெரிஞ்சது 4,065. அதே யானை வேற எங்க, எத்தனை தடவை மறுபடி கிடைச்சதுங்கிறதை வச்சு மொத்தத்தை மதிப்பிட்டாங்க. அந்த மதிப்பீட்டுல தமிழ்நாட்டுக்கு 3,136 யானை. முறையே வேற, அதனால இனிமே வர்ற கணக்கை இதோடதான் ஒப்பிடணும்னு அறிக்கையே சொல்லுது.

எண்ணிக்கையை விட எனக்குக் கவலை செங்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற அகத்தியமலைக் கூட்டம்தான். 150 யானைதான் இருக்கும்னு அந்த 2024 ஆய்வு சொல்லுது. மரபணு வேறுபாடும் அஞ்சுலயே அங்கதான் குறைவு. 2022ல அகத்தியமலையை யானைகள் காப்பகமா அறிவிச்சாங்க, நல்ல விஷயம். ஆனா அந்தப் பக்கத்து ஆண் யானை கணவாயைத் தாண்டி வடக்கே போகணும்னா ரோடு, ரயில் பாதை, தோட்டம், ஊர்னு எல்லாத்தையும் தாண்டணும்.

அபி, கடலூர்:

அண்ணா, நான் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். அமெரிக்காவுல ஃப்ளோரிடா பூமாங்கிற பெரிய காட்டுப்பூனையோட கதையை வகுப்புல நடத்தினாங்க. இருபது முப்பதுதான் மிஞ்சி, வால் முறுக்கி, இதயக் கோளாறோட பிறந்துச்சாம். 1995ல டெக்சாஸ்ல இருந்து எட்டுப் பெண் பூமாவைக் கொண்டுவந்து விட்டதும் கூட்டம் தேறிடுச்சு. அதே மாதிரி நீலகிரி யானையை அகத்தியமலைக்குக் கொண்டு போகலாமே?

பண்ருட்டி குமரன்:

தம்பி, பூமா தனியா வாழ்ற பிராணி. யானைக்குக் கூட்டம்தான் எல்லாம். பாட்டி, அத்தை, தங்கச்சியைப் பிரிச்சு லாரியில ஏத்துறது சாதாரண காரியம் இல்லை. இடம் மாத்தின யானை திரும்பி நடந்தே வந்ததையும் தமிழ்நாடு பார்த்திருக்கு. அதோட ஃப்ளோரிடாவுல நோய் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு கடைசி வழியாத்தான் அதைச் செஞ்சாங்க. இங்க முதல் வேலை வழித்தடத்தை மீட்கிறது. ஒரு ஆண் யானை தானா நடந்து போற வழி கிடைச்சா மரபணு கலக்குறதுக்கு அதுவே போதும். வழி திறந்தப்புறம் அந்தப் பக்கத்துச் சாணத்துல இந்தப் பக்கத்து மரபணு வருதான்னு பார்த்தா, பலன் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

இந்தப் படிப்புக்குப் போகணும்னா பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) மூணையும் பாரு. கள வேலைக்கு மனசு இருந்தா எனக்குத் தனிச்செய்தி போடு.

மலர், முத்தியால்பேட்டை:

குமரன் அண்ணா, ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். லட்சுமியைப் புதைச்ச இடத்தைத் தோண்டச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா இப்போ கோயில்கள்ல இருக்கிற யானைங்களுக்காவது இதை எடுத்து வைக்கலாமே?

பண்ருட்டி குமரன்:

எடுத்து வைக்கணும்னு விதியே வந்தாச்சு, மலர். 2024ல வந்த வளர்ப்பு யானை இடமாற்ற விதிகள்படி, மரபணு விவரத்தைப் பதியாம ஒரு யானையை இடம் மாத்தக் கூடாது. காட்டுல திருட்டுத்தனமா பிடிச்ச குட்டியை வளர்ப்பு யானையோட குட்டின்னு சொல்லி விக்கிறவன் இதுல மாட்டுவான், ஏன்னா தாய் யானையோட டிஎன்ஏவும் குட்டியோடதும் பொருந்தாது. இடம் மாறாத யானைக்கும் பதிவு இருக்கான்னு உங்க பக்கத்துக் கோயில்கள்ல கேளுங்க. இல்லைன்னா வனத்துறைக்கு ஒரு மனு எழுதுங்க. எழுத உதவி வேணும்னா நான் இருக்கேன்.