இன்டர்கூலர்: ‘இடைக்குளிர்வி’யா, ‘இடையாற்றி’யா?

அனைவருக்கும் வணக்கம். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) சூடாக்கிய காற்று எஞ்சினுக்குள் போகும் முன் அதன் சூட்டைத் தணிப்பது இன்டர்கூலர். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> ‘இடைக்குளிர்வி’ என்றே வைத்துவிடலாம். ‘கூலர்’ வரும் இடமெல்லாம் ‘குளிர்வி’ என்றால் ஒரே சீராக இருக்கும்.

ஐயா, சீர்மை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தக் கருவி காற்றைக் குளிர வைப்பதில்லை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

போன மாதம் கோவையில் என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்குப் பெரிய இன்டர்கூலர் போட்டேன். முன் பம்பரைக் கழற்றிப் பழையதை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்கள். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவே மெல்லிய அலுமினியச் செதில்கள். கீழ் ஓரத்தில் பொடிக்கல் பட்டு நாலைந்து வரிசை மடங்கிக் கிடந்தது. “புதுசு போட்டா காத்து ஜில்லுன்னு போகுமா?” என்று கேட்டேன். “ஜில்லுன்னெல்லாம் ஆகாது சார். டர்போ கொதிக்கக் கொதிக்கத் தள்ளும், இது ஆத்திக் குடுக்கும்” என்றார் மெக்கானிக்.

அந்த ‘ஆத்தி’யைத்தான், அதாவது ஆற்றுதலைத்தான், ‘இடையாற்றி’ என்று உங்கள் முன் வைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி, டர்போ கூட்டும் அழுத்தம் 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), அமுக்கியின் (டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரசர்) திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்று சுமார் 130 டிகிரியில் வெளியே வரும். இன்டர்கூலரின் திறனும் 70 சதவீதம் என்றால் அது 64 டிகிரிக்கு இறங்கும். 85 சதவீதத் திறனுள்ள ஒன்றை மாட்டினால் 50 டிகிரி. எவ்வளவு பெரிதாக, எவ்வளவு விலை கொடுத்து மாட்டினாலும் வெளிக்காற்றின் 35 டிகிரிக்குக் கீழே போகவே போகாது, ஏனென்றால் சூட்டை வாங்கிக்கொள்வதே அந்த வெளிக்காற்றுதான். நாம் டீயை ஆற்றுவதும் இப்படித்தான். குடிக்கிற பதத்துக்குச் சூட்டை இறக்குகிறோம், அதை யாரும் குளிர்வித்தல் என்று சொல்வதில்லை. குளிர்விக்க ஃபிரிட்ஜ் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வினை இருக்கும்போது அந்த வேறுபாட்டை நாம் ஏன் இழக்க வேண்டும்?

> காரில் அமுக்கி ஒன்றுதானே, ‘இடை’ எதற்கு?

நல்ல கேள்வி. பல நிலை அமுக்கிகளில் ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவே வைத்ததால் வந்த பெயர் இது. 1942-இல் படையில் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் 9 விமானத்தின் மெர்லின் 61 எஞ்சினில் இரண்டு நிலை அமுக்கி. அதில் நிலைகளுக்கு நடுவிலும் சூட்டைத் தணித்தார்கள், இரண்டாம் நிலைக்குப் பிறகும் தணித்தார்கள். காரில் இருப்பது, கறாராகப் பார்த்தால், பின்னால் வருகிற வகைதான். இருந்தாலும் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே உட்கார்ந்திருப்பதால் ‘இடையாற்றி’ பொய்யாகாது. ஆஃப்டர்கூலரைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பின்னாற்றி’ என்று எழுதலாம்.

‘ஆற்றி’ என்றால் ஆற்றல் என்று குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தனியாக நின்றால் குழம்பலாம். ‘இடையாற்றி’ என்று சேர்ந்து வரும்போது, அதுவும் டர்போவைப் பற்றிய பேச்சில், அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

கலைச்சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் எழுதிவரும் கையேட்டிலிருந்து ஒரு பத்தி:

“பெரிய இடையாற்றி போட்டதும் குதிரைத்திறன் தானாக ஏறிவிடாது. அடுத்தடுத்து முடுக்கும்போது சிறிய இடையாற்றியில் சூடு தேங்கும். உள்ளே போகும் காற்று சூடானால் எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். அதைத் தடுக்க ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், வண்டி மந்தமாகும். அந்த இழப்பைத்தான் பெரிய இடையாற்றி தடுக்கிறது. ஆனால் உள்ளே செதில்கள் மிக நெருக்கமாக இருந்தால் காற்று தடைப்பட்டு அழுத்தம் குறையும். ஆகவே அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அழுத்த இழப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள்.”

இன்டர்கூலரே சூடேறிப்போவதைச் சொல்லும் ‘ஹீட் சோக்’குக்கு இதில் ‘சூடு தேங்குதல்’ என்று போட்டிருக்கிறேன். ஊறுதல் என்று முதலில் எழுதினேன், ஊறுகாய் நினைவு வந்ததால் மாற்றிவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது வெளிக்காற்று ஓடாமல் சூடு அங்கேயே நிற்பதற்குத் தேங்குதல்தான் சரியாகப் பட்டது. பட்டறையில் வேறு சொல் கேட்டவர்கள் எழுதுங்கள். கையேட்டின் அந்த அத்தியாயத்தை இன்னும் முடிக்கவில்லை.