புதுப்பிப்பு: எங்கள் பள்ளியில் பறவை மன்றம் தொடங்கிவிட்டது

நாகர்கோவில் பக்கம் உள்ள எங்கள் பள்ளியில் பறவை பார்க்கும் மன்றம் தொடங்க வேண்டும், பைனாகுலர் வாங்க வழியில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "பைனாகுலருக்காகக் காத்திருக்காதீர்கள், நோட்டும் பென்சிலும் போதும்" என்று ஒருவர் சொன்னார். அதையே பிடித்துக்கொண்டோம். அவருக்கு மனமார்ந்த நன்றி.

சனிக்கிழமை காலைகளில் தேரூர் குளத்துக்குப் போகிறோம். கவிமணி பிறந்த ஊர் என்பதால் தமிழாசிரியையும் ஆர்வமாக வருகிறார். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு அப்படியொரு பெருமை!

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலில் நத்தை குத்தி நாரைகள் வரப்போரமாக மேய்ந்துகொண்டிருந்தன. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், அந்த ஒன்றுக்கு மட்டும் இடைவெளியே இல்லையே?" என்றாள். அது இளம்பறவை, வளர்ந்த பிறகுதான் இடைவெளி உண்டாகும். பாடப்புத்தகத்தைத் தொடவே தயங்கும் பிள்ளை, அலகை மட்டும் பெரிதாக வரைந்து வைத்திருந்தாள்.

டியூஷன் கெடும் என்று தயங்கிய பெற்றோர் சிலர் இப்போது தாங்களே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளப் போகிறோம். மாணவர்களை அதில் ஈடுபடுத்திய ஆசிரியர்கள் இருந்தால், முன்தயாரிப்பு எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.