வடகொழும்பில் இளம் வேட்பாளருக்கு இவ்வளவு ஆரவாரம், மனாபே (விருப்பு வாக்கு) விழுமா?

மட்டக்குளி நண்பன்:
பெயர் வேண்டாம். முப்பது வயசைத் தாண்டாத வக்கீல், மூன்று மொழியும் சரளம். பாராளுமன்றத் தேர்தல் அறிவிக்கக்கூட இல்லை, அதுக்குள்ள கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் த்ரீவீல் பின்கண்ணாடியில எல்லாம் அவர் ஸ்டிக்கர். டிக்டொக்கைத் திறந்தாலும் அவர்தான். பொடியன்மார் ஒரே பரவசம், பெரியவங்க "இப்படி எத்தனை பேரைப் பார்த்தாச்சு" என்று சிரிக்கிறாங்க. தேர்தல் கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க: இந்தச் சனம் ஆசனமாக மாறுமா? சுயேச்சையாகக் கேட்கப் போறதாகவும் கதை அடிபடுது. அது புத்தியா?

கணக்குப்பிள்ளை:
சுயேச்சை என்றால் சொந்தச் செலவில் சூனியம். ஏன் என்று 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் கணக்கை வைத்தே பார்ப்போம்.

கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம். வெட்டுப்புள்ளி 5 சதவீதம். செல்லுபடியான வாக்கு ஏறக்குறைய பதினொன்றரை இலட்சம், ஆகவே 57 ஆயிரத்துக்குக் கீழே எடுத்தவர்கள் ஆட்டத்திலேயே இல்லை. அதைத் தாண்டியது இரண்டே தரப்பு: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 788,636, தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி) 208,249. இரண்டையும் கூட்டினால் 996,885. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடும். மிச்சம் 17ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 58,640 வாக்கு.

திசைகாட்டிக்கு அந்த விலையில் 13, கையில் மிச்சம் 26 ஆயிரத்துச் சொச்சம். தொலைபேசிக்கு 3, மிச்சம் 32 ஆயிரத்துச் சொச்சம். மீதி இருந்த ஒன்று மிச்சம் கூடியவருக்கு, அதாவது தொலைபேசிக்கு. போனஸோடு 14, மற்றப் பக்கம் 4.

இப்போ உங்கள் வக்கீல் தம்பி சுயேச்சைக் குழு போட்டு 50 ஆயிரம் வாக்கு எடுக்கிறார் என்று வைங்க. ஊரே அதிரும். ஆசனம் பூச்சியம். அந்த 50 ஆயிரமும் கணக்கிலிருந்தே கழிபடுவதால் பெரிய கட்சிகளுக்கு ஆசனத்தின் விலை குறையும், அவ்வளவுதான் பலன். குழு போடுறதுக்கும் தனி ஆளாகப் போக முடியாது. 18 ஆசனத்துக்கு மேல் மூன்று பேர் கூட, 21 பேர் தேவை. கட்டுப்பணம் ஆளுக்கு 2,000 ரூபாய், மொத்தம் 42,000. காசு பெரிசில்லை. மற்ற 20 பேரும் மாவட்டம் முழுக்க வாக்குச் சேர்க்கக்கூடிய ஆட்களா என்பதுதான் கேள்வி. மச்சானையும் கூட்டாளியையும் போட்டு நிரப்பின பட்டியல் ஹோமாகமையில் நாலு வாக்கும் எடுக்காது.

வெள்ளவத்தை 6:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஆனால் பெரிய கட்சிப் பட்டியலில ஏறினாலும் பாதி வேலைதான் முடியுது; கட்சிக்குக் கிடைக்கிற ஆசனம் அந்தப் பட்டியலில மனாபே கூட எடுத்த ஆக்களுக்குத்தான். தொலைபேசிப் பட்டியலில 2024இல வென்ற நாலு பேரும் சஜித் பிரேமதாச, ஹர்ஷ டி சில்வா, முஜிபுர் ரஹ்மான், எஸ்.எம். மரிக்கார். இவ்வளவு காலம் கொழும்புத் தமிழ் வாக்குகளை வைச்சிருந்த மனோ கணேசனே அதே பட்டியலில கேட்டுத் தோத்து, பிறகு கட்சி நியமிக்கிற தேசியப்பட்டியலாலதான் உள்ளுக்குப் போனவர். புதுமுகத்துக்கு எப்பிடி இருக்குமெண்டு யோசியுங்கோ.

மற்றது, கூட்டத்துக்கு வாற ஆக்களில எத்தனை பேருக்கு இஞ்ச வாக்கு இருக்கு? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அறைகளில இருக்கிற பொடியள் கனபேரின்ர பதிவு யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும். வீட்டுக்காரர் தன்ர முகவரியில பதிய விடாததும் ஒரு காரணம். வெளிநாட்டில இருந்து லைக் போடுற ஆக்களுக்கு அங்கயிருந்து வாக்களிக்க வழியே இல்லை. ஆயிரம் பேர் கை தட்டினா, அதில இந்த மாவட்ட வாக்காளர் இடாப்பில உள்ளவை எத்தினை பேரெண்டு முதல்ல எண்ணோணும். அவரின்ர ஆக்கள் ஸ்டிக்கர் ஒட்டுறதை விட்டிட்டு கிராம சேவகரிட்டக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்யிற வேலையைப் பாக்கட்டும்.

மட்டக்குளி நண்பன்:
அப்போ மனாபே எப்படித்தான் சேர்க்கிறது? நம்ம பகுதியில எல்லாரும் போட்டாலும் போதாதா?

முகவர் 15:
போதாது. மாவட்டத்தில் 15 தேர்தல் தொகுதி. வடகொழும்பு அதில் ஒன்று. மத்திய கொழும்பு, கொலன்னாவ, தெஹிவளை, அவிசாவளைத் தோட்டப் பக்கம் என்று ஆள் வைத்தே ஆகணும். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று விருப்பு இருக்கிறதால், அதே பட்டியலில் சிங்கள, முஸ்லிம் வேட்பாளர் ஒவ்வொருவரோடு பேசி "என் ஆட்கள் உனக்கு, உன் ஆட்கள் எனக்கு" என்று இலக்கம் மாற்றிக்கொள்வாங்க. பெரிய ஆட்களும் இப்படித்தான் வருவாங்க. கடைசி இரவில் அந்த ஒப்பந்தம் உடையிறதும் வழமை.

அதைவிட மோசமாகக் கவிழ்க்கிறது வாக்குச்சீட்டு. மேலே கட்சிப் பெயரும் சின்னமும், கீழே வேட்பாளர்களின் வெறும் இலக்கங்கள். இலக்கத்துக்குப் பக்கத்தில் ஆளின் பெயரும் இல்லை, படமும் இல்லை. நடக்கிற பிழைகள்:

கட்சிக்குப் புள்ளடி (X) போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டே நிராகரிப்பு. நாலு இலக்கத்துக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு மூன்றும் போச்சு. 1, 2, 3 என்று எழுதுறது சனாதிபதித் தேர்தலுக்கு, இங்கே எல்லாம் புள்ளடி. இதில் கொடுமை என்னவென்றால், "தம்பியின் இலக்கம் 7" என்று மனப்பாடம் பண்ணிட்டுப் போய், பழக்கதோஷத்தில் வேறு கட்சிக்குப் புள்ளடி போட்டால் அந்த விருப்பு வாக்கு அந்தக் கட்சியின் 7ஆம் ஆளுக்குச் சேரும். எண்ணுகிறவங்களுக்கு அது பிழையாகவே தெரியாது. டிக்டொக்கில் முகம் பிரபலமானவங்களுக்கு இதுதான் முதல் கண்டம், ஏனென்றால் சனத்துக்கு முகம் தெரியும், சின்னம் மனசில் நிற்காது. துண்டுப்பிரசுரத்தில் சின்னத்தையும் இலக்கத்தையும் ஒரே அளவில், படத்தைவிடப் பெரிசாகப் போடச் சொல்லுங்க.

ஜம்பட்டா:
எல்லாரும் வெல்லுவாரா என்றுதான் கதைக்கிறீங்க. வென்று என்ன செய்வார்? அவர் வீடியோ பாதி குப்பையும் வடிகானும். அது மாநகர சபை வேலை. எம்.பி. கத்தலாம், லொறி அனுப்ப முடியாது. அதில் அக்கறை என்றால் வட்டாரத்தில் கேட்டிருக்கணும்.

மாடி வீட்டு உறுதி (உரிமைப் பத்திரம்) என்கிறாரே, அது வேறு. நகர அபிவிருத்தி அதிகார சபை அமைச்சின் கீழே வருது, ஆகவே பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டு நெருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்க. ஒன்று, எந்தத் தொடர்மாடியில் எத்தனை வீடு? இரண்டு, உறுதி எதனால் நிற்குது: மாதத் தவணை பாக்கியா, காணி இன்னும் மாற்றப்படாததா, வீடு கைமாறினதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "எல்லாருக்கும் உறுதி" என்று ஒரே பதிலாகச் சொன்னால் ஆள் இன்னும் ஃபைலைத் திறக்கலை. அதோட, இரட்டைக் குடியுரிமை உள்ளவங்க பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. படிச்சது லண்டன் என்கிறார், அதையும் கையோட கேட்டுடுங்க.

மட்டக்குளி நண்பன்:
லண்டன் கதையை நானும் கேட்கணும் என்று நினைச்சேன். ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் கூட்டம். மூன்று கேள்வியும் துண்டில் எழுதிக் கொடுக்கிறோம், மைக் தருவாங்களோ தெரியாது.