வேறு கம்பெனி ஆக்சஸ் பாயிண்டை கன்ட்ரோலரோடு சேர்த்த அனுபவம்

வைஃபை ஆக்சஸ் பாயிண்ட், அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் இரண்டின் டேட்டாஷீட்டிலும் கேப்வாப் (இவை பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) என்று போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். கேப்வாப் 2009-லேயே ஆர்எஃப்சி 5415 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதன் மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தச் சரக்கை ஏற்றி வைத்திருக்கிறது.

கன்ட்ரோலர் பக்கம் பாக்கெட் கேப்சர் போட்டுப் பார்த்தேன். யுடிபி 5246-இல் டிஸ்கவரி ரெக்வெஸ்ட் வருகிறது, பதிலும் போகிறது. அடுத்து டிடிஎல்எஸ் ஹேண்ட்ஷேக், அதாவது பாதுகாப்பான இணைப்பை அமைக்கும் கட்டம். அங்கேதான் சர்டிபிகேட்டை ஏற்காமல் அறுந்துபோகிறது. ஆக்சஸ் பாயிண்ட் மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பிக்கிறது. ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியின் ஆப்ஷன் 43, 138 எல்லாம் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான்.

அப்புறம் வழியை மாற்றினேன். சேனல், பவர், ஃபர்ம்வேர் எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளிடமே இருக்கட்டும். யார் உள்ளே வரலாம், எந்த விலானில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) போகலாம் என்பதை மட்டும் பொதுவான ரேடியஸ் சர்வர் முடிவு செய்யட்டும். டனல் டைப் 13 (விலான் என்று பொருள்), மீடியம் டைப் 6 (802 வகை நெட்வொர்க்), கூடவே விலான் எண்: ரேடியஸ் பதிலில் இந்த மூன்றையும் அனுப்பினால் நான் தொட்ட எல்லா மாடலும் கேட்டுக்கொண்டன. இதைத்தான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

---

நானும் ரேடியஸ் வழிதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கால்டு ஸ்டேஷன் ஐடி, அதாவது எந்த ஆக்சஸ் பாயிண்ட் வழியாக வருகிறார் என்று ரேடியஸுக்குச் சொல்லும் விவரம். மேக் முகவரி, முக்காற்புள்ளி, எஸ்எஸ்ஐடி (வைஃபையின் பெயர்) என்ற வடிவத்தை எதிர்பார்த்து பாலிசி எழுதியிருந்தோம். புதிய ஆக்சஸ் பாயிண்ட் வெறும் மேக் முகவரியை மட்டும் அனுப்பியது. பாஸ்வேர்டு சரி, சர்டிபிகேட் சரி, ஆனாலும் எல்லோரும் விருந்தினர் விலானில் போய் விழுந்தார்கள். லாகில் அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கெஸ்ட் போர்ட்டல் வைத்திருப்பவர்கள் சிஓஏ-வுக்கான (உள்ளே வந்தவரின் அனுமதியை நடுவில் மாற்றும் கட்டளை) யுடிபி 3799 திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சில கருவிகள் வேறு போர்ட்டில் கேட்கின்றன.

---

ரோமிங் பற்றி, அதாவது நடந்துகொண்டே ஒரு ஆக்சஸ் பாயிண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் சாவிகளை ஒரு கம்பெனி கருவிகள் தங்களுக்குள் மட்டுமே பகிர்ந்துகொள்கின்றன. வேறு கம்பெனி கருவிக்குத் தாவும்போது போன் முழு 802.1எக்ஸ் சரிபார்ப்பையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், பேச்சு நடுவில் அறுந்துபோகும். ஒரே தளத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். தளத்துக்கு ஒரு கம்பெனி என்று பிரித்த பிறகு எங்களுக்கு அழைப்புப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன.