மரபணு ஒடுக்கமா, வாயடைப்பா?

அன்புடையீர்,

மரபணுவை மாற்றாமலே அதன் செயலை மட்டும் தடுக்கும் முறையாகப் பயிர் மேம்பாட்டில் பேசப்படும் 'ஜீன் சைலன்சிங்' என்பதற்கு 'மரபணு ஒடுக்கம்' போதும் என்று இந்த இழையில் இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மெண்டலின் பட்டாணியைப் பற்றிச் சொல்லும்போது நம் பாடநூல்கள் வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பு என்றும், மறைந்து நிற்கும் பண்பை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கின்றன. நாளை யாராவது 'ஒடுங்கு மரபணுவை ஒடுக்கினோம்' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

'முடக்கம்' இன்னும் மோசம். பருத்தி விதையை எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் நிறைந்தது; ஆனால் காசிப்பால் என்ற நஞ்சு இருப்பதால் மனிதருக்கு உணவாவதில்லை. அதே காசிப்பால்தான் இலையில் இருந்துகொண்டு செடியைப் பூச்சிகளிடமிருந்து காக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோரின் குழு, காசிப்பால் உருவாக உதவும் நொதியின் மரபணுவை விதையில் மட்டும் பேசவிடாமல் செய்து 2006இல் ஆய்வை வெளியிட்டது. இலையில் அந்த மரபணு வழக்கம்போலப் பேசியது. இரண்டு இடத்திலும் அதன் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதைப் போய் முடக்கம் என்பதா? மரபணுவையே சிதைத்துச் செயலிழக்கச் செய்யும் முறைக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

நடப்பது இதுதான்: மரபணு, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஒரு தூது ஆர்.என்.ஏ.வை அனுப்புகிறது. அதே வரிசை கொண்ட ஈரிழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இருந்தால், டைசர் என்ற நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு செல் தூதையே பிடித்து வெட்டிவிடும். தூதரைக் கொல்லலாகாது என்ற அறமெல்லாம் செல்லுக்குக் கிடையாது போலும்!

முதலில் 'வாய்ப்பூட்டு' என்றுதான் நினைத்தேன். அழகான சொல், ஆனால் வினையாக வளைய மறுக்கிறது. 'வாயடைப்பு' வளைகிறது: வாயடைத்த மரபணு, வாயடைக்கும் ஆர்.என்.ஏ. ஆகவே, 'மரபணு வாயடைப்பு'.

* * *

ஐயா, வணக்கம்.

வாயடைப்பு என்றால் முழு மௌனம் அல்லவா? 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபிளேவர் சேவர் தக்காளியும் ஜீன் சைலன்சிங்கால் வந்ததுதான்; அதில் பழத்தை இளகச்செய்யும் நொதி வெகுவாகக் குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. அது தொண்டை கட்டிக்கொண்ட நிலை. இன்னொன்று: தூது வெட்டுப்படுவதை விளக்கிவிட்டு வாயை அடைக்கிறீர்கள். வாய் பேசிக்கொண்டுதானே இருக்கிறது! 'குரலடக்கம்' பொருந்தாதா?

* * *

அம்மா,

இரண்டாவது அடி சரியான இடத்தில் விழுந்தது. தூதை வெட்டும் வகைக்கு மட்டும் 'தூதறுப்பு' என்று தனிச்சொல் வைக்கலாம். ஆனால் டி.என்.ஏ.மீது மெத்தில் குழுக்கள் என்னும் சிறு வேதி ஒட்டுகள் ஏறி, தூது புறப்படாமலே நின்றுபோகும் வகையும் இதே பெயருக்குள் வருகிறது. அங்கே மெய்யாகவே வாய் அடைபடுகிறது. பேசாவிட்டாலும் குரல் இல்லை, பேசியது போய்ச் சேராவிட்டாலும் குரல் இல்லை. குரல் தணிவதும் உங்கள் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. என் வாயடைப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரே ஓர் உறுத்தல். 'அடக்கம்' என்றதும் பணிவும் நினைவுக்கு வருகிறது, பிணமும் நினைவுக்கு வருகிறது. 'குரலடக்கல்' என்று செயலாக்கிவிடலாமா? 'விதையில் மட்டும் குரலடக்கிய பருத்தி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.