ஃபேன் கிளட்ச்தான் பழுதா? உறுதி செய்ய உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

என்னுடைய பழைய டீசல் வண்டியில் ரேடியேட்டர் ஃபேன், விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறும்போது உள்ளிருக்கும் எண்ணெயின் பிடிப்பால் ஃபேனை வேகமாகச் சுழற்றும் இணைப்பு) வழியாக வாட்டர் பம்ப் தண்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. சமவெளியில் வேகமாகச் செல்லும்போது வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏசியுடன் இரண்டாம் கியரில் ஏறும்போது, மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. கூலன்ட் அளவு சரியாக உள்ளது. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் புதியவை. ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றினால், உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெயின் பிடிப்பால் அது ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். என் வண்டியிலோ தடையே இல்லாமல் சுழல்கிறது. கிளட்ச் முகப்பில், பைமெட்டல் சுருளின் (சூட்டை உணர்ந்து கிளட்ச்சை இயக்கும் ஈருலோகச் சுருள்) அடியிலிருந்து விளிம்பு நோக்கி, தூசி படிந்த கரிய எண்ணெய்க் கோடுகள் தெரிகின்றன. முன்பெல்லாம் ஏற்றத்தில் கேட்கும் பலத்த காற்று இரைச்சலும் இப்போது இல்லை. இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் லேசான ஆட்டமும் உண்டு; அது கிளட்ச் பேரிங்கா, வாட்டர் பம்ப் பேரிங்கா என்பதைக் கழற்றாமல் பிரித்தறிய வழி உண்டா?

கிளட்ச்சை போல்ட் போட்டு நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். எப்போதும் முழு வேகத்தில் சுழலும் ஃபேன் பம்ப் பேரிங்கைத் தேய்த்து, டீசலையும் விழுங்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலிக்கான் எண்ணெய் மட்டும் நிரப்பி ஓட்டியவர்கள் இருந்தால், அது எவ்வளவு காலம் தாங்கியது, எந்த தடிமன் எண்ணெய் பயன்படுத்தினீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.