ஸ்விஃப்ட்ல இருந்து ஸ்கார்பியோ-என் போனா ஓட்டுற ஜாலி போயிடுமா?

சேலத்து_ஸ்டியரிங்:
வணக்கம் மக்களே, கைல இருக்கறது 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். பசங்க வளந்துட்டாங்க, அப்பா அம்மாவும் ஏறினா உக்கார இடமில்ல, அதான் ஸ்கார்பியோ-என் டீசல் பாத்துட்டு வந்தோம். டெஸ்ட் டிரைவ்ல நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பைபாஸ்ல நேரா போயி நேரா வந்தா என்ன தெரியும்? எனக்கு ஞாயித்துக்கிழமை ஆனா ஏற்காடு ஏறணும், அந்த 20 கொண்டை ஊசி வளைவுல ஸ்விஃப்ட் குடுக்கற சந்தோஷம் இதுல வருமா? பிரச்சனை வெயிட்டா சைஸா?

மலைரோடு_மணி:
ஸ்விஃப்ட் 900 கிலோ கூட இல்லீங்க, இது கிட்டத்தட்ட ரெண்டு டன். ஏத்தத்துல டீசலோட டார்க், அதாவது இழுவை சக்தி இருக்கு, அசால்ட்டா ஏறும், அதுல குறையே சொல்ல முடியாது. இறக்கத்துலதான் தெரியும், வெயிட் டபுள்னா அதே ஸ்பீட கொறைக்க பிரேக் வாங்கற சூடும் டபுள், செகண்ட் கியர்ல போட்டு, இஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கற இஞ்சின் பிரேக்கிங்லயே இறக்கணும். அப்புறம் உயரம் 1857 மிமீ, ஸ்டியரிங்க ஒடிச்சதும் பாடி முதல்ல சாயும், சாஞ்சு செட்டில் ஆனப்புறம்தான் மூக்கு திரும்பும், அதுக்குள்ள அடுத்த வளைவு எதிர்பக்கமா வந்துடும்.

ஓரம்போ:
வெயிட்ட விடுங்க ப்ரோ, அகலத்த பாருங்க. ஸ்விஃப்ட் 1735 மிமீ, ஸ்கார்பியோ-என் 1917, சைடு மிரர் சேக்காமலே. இந்த 18 செ.மீ. பேப்பர்ல ஒண்ணுமே இல்ல, ஆனா வளைவுல எதிர்ல பஸ் மூக்க நீட்டினான்னா அதுதான் எல்லாமே. சின்ன வண்டில நம்ம பக்கத்துக்குள்ளயே கொஞ்சம் வெளிய போயி உள்ள அறுத்து வரலாம், பெருசுல ரோட்ல இருக்கற இடமெல்லாம் வண்டியே புடிச்சுக்கும், மிச்சம் கவனம் முழுக்க இடது பக்க சுவர்லதான் இருக்கும், எங்க என்ஜாய் பண்றது?

பழைய_டீசல்:
வெயிட்டான வண்டின்னாலே போர்னு எழுதாதீங்கப்பா. ஃபியட் புன்ட்டோ ஸ்விஃப்ட்ட விட நல்லா வெயிட்டு, பிக்கப்பும் சுமார்தான், ஆனா மோட்டார் இல்லாம ஆயில் பிரஷர்ல திரும்பற ஹைட்ராலிக் ஸ்டியரிங்ல டயருக்கு அடியில என்ன நடக்குதுன்னு கைக்கு வரும், இன்னிக்கும் அத ஓட்டினவன் புலம்பறான். சேலம் டூ சென்னை ஹைவேல பஸ்ஸ ஓவர்டேக் பண்றப்ப காத்து தள்ளி ஸ்விஃப்ட் லேசா ஆடும், ஸ்கார்பியோ அசையாது. உங்க ஓட்டம் ஹைவேதான் அதிகம்னா தாராளமா வாங்குங்க.

மலைரோடு_மணி:
அது சரிதாண்ணே, ஆனா புன்ட்டோ தரையோட ஒட்டிக்கிட்டு போற வண்டி, வெயிட் கீழ இருந்தா பாதி பிரச்சனை வராது. புன்ட்டோவையும், ஏணி மாதிரி சட்டத்து மேல பாடிய தூக்கி வச்ச ஸ்கார்பியோ மாதிரி லேடர் ஃப்ரேம் எஸ்யூவியையும் ஒண்ணா வைக்காதீங்க.

ஓரம்போ:
ஓனர் சார், ஏழு சீட்டுதான் வேணும்னா எர்டிகா ஏன் பாக்கல? ஸ்விஃப்ட் மாதிரியே ஹார்டெக்ட்ங்கற அதே அடித்தள பிளாட்ஃபார்ம், அகலம் அதே 1735, வெயிட்டும் 1200 கிலோ பக்கம்தான். ஆள் நெறஞ்சா மட்டும் ஏத்தத்துல கியர மாத்திக்கிட்டே இருக்கணும்.

சேலத்து_ஸ்டியரிங்:
அகலம் ஒண்ணேதான்னு இப்பதான் தெரியும், நன்றி. ஆனா எர்டிகான்னா வீட்ல டாக்ஸிம்பாங்களே! ரெண்டையும் குடும்பத்தோட ஏத்தி அடிவாரத்துல இருந்து டெஸ்ட் டிரைவ் கேக்கறேன், ஒத்துக்குவாங்களா பாப்போம்.

பழைய_டீசல்:
பெரியவங்கள பின் சீட்ல உக்கார வச்சு இறக்கத்துல வாங்க, யாருக்கு வாந்தி வருதோ அந்த வண்டி கேன்சல்.